கடையின் திறந்த வைஃபை: மெக்ஃபேடன் வழக்கும் வாடிக்கையாளர் இணைப்பின் பாதுகாப்பும்

ஜெர்மனியின் மியூனிக் நகருக்கு அருகே, ஒளி, ஒலி அமைப்புகளை விற்பதும் நிகழ்ச்சிகளுக்கு வாடகைக்கு விடுவதுமாகத் தொழில் நடத்திவந்தவர் தோபியாஸ் மெக்ஃபேடன். தன் கடையின் இணைய இணைப்பை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றி, பெயர் சொல்லாமல் பயன்படுத்தலாம் என்று வைஃபை வழியாக அவர் திறந்து வைத்திருந்தார். கடவுச்சொல் போடாததற்கு ஒரு காரணம் இருந்தது: பக்கத்துக் கடைகளுக்கு வருவோர், வழிப்போக்கர்கள், அண்டை வீட்டார் ஆகியோரின் கவனம் தன் நிறுவனத்தின் பக்கம் திரும்ப வேண்டும் என்று அவர் விரும்பினார். 2010 செப்டம்பர் 4-ஆம் தேதியை ஒட்டி, அதுவரை கடையின் இணைய முகவரியையே பெயராகக் கொண்டிருந்த அந்த வைஃபைக்கு, ‘அச்சத்துக்குப் பதிலாகச் சுதந்திரம்’ என்று பொருள்படும் ஜெர்மன் முழக்கத்தைப் பெயராக வைத்தார். அரசின் அளவு மீறிய கண்காணிப்பை எதிர்த்தும் தனிநபர் தகவல்களின் பாதுகாப்பைக் கோரியும் நடந்த ஓர் ஆர்ப்பாட்டத்தின் முழக்கம் அது. ஏறக்குறைய அதே நேரத்தில், அந்த இணைப்பின் வழியாக யாரோ ஒருவர், ஓர் இசைப் படைப்பை உரிமையாளரின் அனுமதியின்றி எவரும் இறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் வைத்தார். ஒலிப்பதிவின் உரிமை சோனி மியூசிக் நிறுவனத்திடம் இருந்தது. 2010 அக்டோபர் 29 தேதியிட்ட சட்ட அறிவிப்பு கடைக்காரருக்கு அனுப்பப்பட்டது. அந்தச் செயலைத் தான் செய்யவில்லை என்றும், தன் வைஃபையைப் பயன்படுத்திய எவரேனும் செய்திருக்கக்கூடும் என்பதை மறுக்க இயலாது என்றும் மெக்ஃபேடன் பதிலளித்தார்.

வாடிக்கையாளருக்கு இணையம் கொடுக்கும் சிறு வணிகர் எதற்கெல்லாம் பொறுப்பு என்ற கேள்வியை ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வரை கொண்டுசென்ற வழக்கு இது. சி-484/14 என்ற எண்ணில் 2016 செப்டம்பர் 15 அன்று தீர்ப்பான இந்த வழக்கைச் சட்ட மாணவர்கள் இடைநிலையாளர் பொறுப்பு (பிறரின் தகவலைக் கடத்திவிடுபவருக்கு உள்ள பொறுப்பு) என்ற தலைப்பின் கீழ்ப் படிக்கிறார்கள். கடைக்கு வைஃபை அமைத்துக் கொடுப்பவர்களும் அமைத்துக்கொள்பவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏனென்றால், நீதிமன்றம் இறுதியில் பரிந்துரைத்த தீர்வு ஒரு தொழில்நுட்ப ஏற்பாடு. அந்த ஏற்பாடு யாரைப் பாதுகாக்கிறது, யாரைப் பாதுகாக்காமல் விடுகிறது என்பதைத் தீர்ப்பைப் படிப்பதால் மட்டும் அறிய முடியாது.

அன்றைய ஜெர்மனியில் நிலவிய அச்சம்

சோனியின் அறிவிப்பு வந்த காலத்தை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். ஜெர்மன் சட்டத்தில் ‘ஷ்டோரர்ஹாஃப்டுங்’ என்றொரு கோட்பாடு உண்டு. தான் நேரடியாகத் தவறிழைக்காவிட்டாலும், தடுத்திருக்கக்கூடிய ஒரு மீறலுக்குத் தன் பொருளோ இடமோ வழிவிட்டிருந்தால், அதை நிறுத்தவும் மீண்டும் நிகழாமல் பார்த்துக்கொள்ளவும் ஒருவர் கடமைப்பட்டவர் என்பது அதன் சாரம். 2010 மே 12 அன்று ஜெர்மனியின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் இக்கோட்பாட்டை வீட்டு வைஃபைக்குப் பொருத்தியது. ரூட்டரை வாங்கிய காலத்தில் வழக்கத்தில் இருந்த பாதுகாப்பைக்கூடச் செய்யாமல் விட்டவர், வேறொருவர் அந்த இணைப்பில் செய்த பதிப்புரிமை மீறலுக்கு இழப்பீடு தர வேண்டியதில்லை. ஆனால் தடையாணைக்கும் வக்கீல் அறிவிப்பின் செலவுக்கும் பொறுப்பாவார் என்று அந்தத் தீர்ப்பு கூறியது. மெக்ஃபேடன் கடையில் சம்பவம் நடந்தது அதற்கு நான்கு மாதங்களுக்குள்.

ஓர் உணவகமோ முடிதிருத்தகமோ நடத்துபவருக்கு இதன் பொருள் எளிமையானது. யாரோ ஒரு வாடிக்கையாளர் ஒரு பாட்டைப் பகிர்ந்தால், இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரி கடைக்காரரின் பெயரில் இருப்பதால் அறிவிப்பு அவருக்குத்தான் வரும். வழக்காடும் செலவைக் காட்டிலும் கேட்ட தொகையைக் கட்டிவிடுவது மலிவு என்று அவர் கட்டுவார். அடுத்த நாளே வைஃபையை நிறுத்திவிடுவார். ஃப்ரைஃபுங்க் என்ற தன்னார்வக் குழுக்கள், வைஃபைப் போக்குவரத்தைக் கடைக்காரரின் ஐபி முகவரியில் வெளிவராமல் குறியாக்கப்பட்ட மறைகுழாய் (விபிஎன்) வழியாகத் தங்கள் வழங்கிக் கணினிகளுக்குக் கொண்டுசென்று அங்கிருந்து இணையத்துக்கு அனுப்பியதும் இந்த அச்சத்தின் விளைவே. கடைக்காரரைக் காப்பாற்றுவதற்காகத் தகவல் சுற்றுவழியில் போக வேண்டியிருந்தது.

மெக்ஃபேடன் பணம் கட்டி முடித்துக்கொள்ளவில்லை. தனக்குப் பொறுப்பு இல்லை என்று அறிவிக்குமாறு கேட்டு அவரே வழக்குத் தொடுத்தார். சோனி எதிர்மனு தாக்கல் செய்து இழப்பீடு, தடையாணை, செலவுத்தொகை ஆகிய மூன்றையும் கோரியது. 2014 ஜனவரி 16 அன்று மியூனிக் மாவட்ட நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவர் அதை எதிர்த்து, ஐரோப்பிய மின்வணிக நெறிமுறையின் 12-ஆம் பிரிவு தன்னைப் பாதுகாக்கிறது என்று வாதிட்டபோதுதான், அந்தப் பிரிவை எப்படிப் பொருள் கொள்வது என்று மியூனிக் நீதிமன்றம் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்திடம் கேட்டது.

நீதிமன்றம் சொன்னதும் சொல்லாமல் விட்டதும்

அந்த 12-ஆம் பிரிவு, தகவலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கடத்தி மட்டும் விடுபவரைப் பற்றியது. தகவல் பரிமாற்றத்தை அவர் தொடங்கியிருக்கக் கூடாது, பெறுநரை அவர் தேர்ந்திருக்கக் கூடாது, தகவலைத் தெரிவு செய்யவோ மாற்றவோ கூடாது. இந்த மூன்றும் பொருந்தினால் கடந்துபோன தகவலுக்கு அவர் பொறுப்பல்லர். தொலைத்தொடர்பு நிறுவனங்களை மனத்தில் வைத்து 2000-ஆம் ஆண்டில் எழுதப்பட்ட பிரிவு, இலவசமாக வைஃபை தரும் ஒளி-ஒலிக் கடைக்கும் பொருந்துமா என்பதே முதல் கேள்வியாக இருந்தது. பொருந்தும் என்றது நீதிமன்றம். கட்டணம் வாங்காவிட்டாலும், கடையின் பொருள்களுக்கு விளம்பரமாக அந்தச் சேவை தரப்படும்போது அதன் செலவு பொருள்களின் விலையிலேயே அடங்கிவிடுகிறது என்பது அதன் தர்க்கம். தேநீரின் விலையில் வைஃபையின் விலையும் சேர்ந்திருப்பதை எல்லாக் கடைக்காரர்களும் அறிவார்கள். அதைச் சட்டம் ஏற்றுக்கொண்டது முக்கியமான முன்னேற்றம். ஆகவே இழப்பீடு கேட்க முடியாது, இழப்பீட்டுக்காக அனுப்பிய அறிவிப்பின் செலவையும் கேட்க முடியாது என்று தீர்ப்பானது.

தடையாணை வேறு விஷயம். மீறல் தொடராமல் தடுக்க நடவடிக்கை எடு என்று கடைக்காரருக்கு ஆணையிடலாம், அந்த ஆணையைப் பெறுவதற்கான செலவையும் அவரிடம் கேட்கலாம் என்று நீதிமன்றம் அனுமதித்தது. எந்த நடவடிக்கை? மூன்று வழிகள் அதன் முன் இருந்தன. இணைப்பில் செல்லும் எல்லாத் தகவல்களையும் கண்காணிப்பது ஒரு வழி. பொதுவான கண்காணிப்புக் கடமையை 15-ஆம் பிரிவு தடுப்பதால் அது உடனே விலக்கப்பட்டது. இணைப்பையே துண்டிப்பது இன்னொரு வழி; தொழில் நடத்தும் உரிமையை அது சிதைக்கும் என்று அதுவும் விலக்கப்பட்டது. எஞ்சியது கடவுச்சொல். கடவுச்சொல் வைப்பது தொழிலின் சாரத்தைத் தொடுவதில்லை, தொழில்நுட்ப ஏற்பாடுகளில் ஒன்றைச் சற்றே மாற்றுவதுதான் என்று கூறிய நீதிமன்றம், அதனுடன் ஒரு நிபந்தனையையும் சேர்த்தது: கடவுச்சொல்லைப் பெறுபவர் தன் அடையாளத்தை வெளிப்படுத்த வேண்டும், பெயரற்றவராகச் செயல்பட முடியாதபடி இருக்க வேண்டும்.

தீர்ப்புக்கு முன் நீதிமன்றத்துக்குச் சுயேச்சையான கருத்துரை வழங்குபவர் அட்வகேட் ஜெனரல்; 2016 மார்ச் 16 அன்று அவ்வாறு கருத்துரை வழங்கிய மாசெய் ஷ்பூனார் இதற்கு நேர்மாறான நிலையை எடுத்திருந்தார். பொதுமக்களுக்கு வைஃபை தருபவர்மீது கடவுச்சொல்லையும் பயனர் பதிவையும் கட்டாயமாக்கினால், துணைச் சேவையாக இணையம் தரும் சிறு தொழில்களுக்கு அது பெரும் சுமையாகும், கிடைக்கும் பலனோ குறைவு என்பது அவருடைய வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தீர்ப்புக்கு முந்தைய நாள், செப்டம்பர் 14 அன்று, ஐரோப்பிய ஆணையத்தின் தலைவர் ழான்-க்ளோட் யுங்கர், 2020-க்குள் ஐரோப்பாவின் ஒவ்வொரு ஊரிலும் நகரிலும் பொதுவாழ்வின் மையங்களைச் சுற்றி இலவச வைஃபை கிடைக்கச் செய்வோம் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்திருந்தார். ஒரே ஒன்றியத்தின் இரு அமைப்புகள் அடுத்தடுத்த நாள்களில் பேசிய இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால், எளிதான அணுகல் வேண்டும் என்ற விருப்பத்துக்கும் யார் அணுகினார் என்று தெரிய வேண்டும் என்ற விருப்பத்துக்கும் இடையில் ஐரோப்பா இன்னும் முடிவு செய்திருக்கவில்லை என்பது தெரிகிறது.

ஜெர்மனி பின்னர் தானே ஒரு முடிவை எடுத்தது. 2017 அக்டோபர் 13 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம், வைஃபை தருபவர்மீது தடையாணையும் செலவுக் கோரிக்கையும் பாய்வதை நீக்கியது. கடவுச்சொல் வை, பயனரைப் பதிவு செய் என்று அரசு அதிகாரிகள் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் சொன்னது. அதற்கு ஈடாக, பாதிக்கப்பட்ட உரிமையாளர் வேறு வழியில்லாதபோது குறிப்பிட்ட தகவலைத் தடுக்குமாறு கேட்கும் உரிமை தரப்பட்டது. 2018 ஜூலை 26 அன்று கூட்டாட்சி உச்ச நீதிமன்றம், ஐந்து திறந்த வைஃபை இணைப்புகளை நடத்திய ஒருவரின் வழக்கில் இத்திருத்தத்தை ஏற்றுக்கொண்டபோதிலும், அந்தத் தடுப்புரிமையின் கீழ்ப் பயனர் பதிவு, கடவுச்சொல், மிக அரிதான நிலையில் இணைப்பை முழுவதுமாக நிறுத்துதல் ஆகியவையும் அடங்கலாம் என்று வாசலைச் சற்றே திறந்து வைத்தது. 12-ஆம் பிரிவின் பாதுகாப்பு இன்று ஐரோப்பிய டிஜிட்டல் சேவைகள் சட்டத்தின் 4-ஆம் பிரிவாக, 2024 பிப்ரவரி 17 முதல் அங்குள்ள எல்லாக் கடைகளுக்கும் பொருந்துகிறது.

கடவுச்சொல் எதைப் பாதுகாக்கிறது?

வழக்கில் பேசப்பட்ட பாதுகாப்பு முழுவதும் கடைக்கு வெளியே இருக்கும் உரிமையாளருக்கானது. இணைப்பில் அமர்ந்திருக்கும் வாடிக்கையாளரின் பாதுகாப்பு எந்தக் கட்டத்திலும் கேள்வியாகவில்லை. அது வழக்கின் பொருளும் அன்று. ஆனால் அக்டோபர் 29-ஆம் தேதியிட்ட அந்த அறிவிப்புக்கு ஐந்து நாள் முன்பு, அமெரிக்காவின் சான் டியாகோவில் நடந்த பாதுகாப்பு மாநாட்டில் எரிக் பட்லர் என்ற நிரலர் ஃபயர்ஷீப் என்ற சிறு நீட்சியை வெளியிட்டிருந்தார். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் அதை நிறுவிக்கொண்டு ஒரு திறந்த வைஃபையில் அமர்ந்தால், அதே வைஃபையில் சமூக வலைத்தளங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் மற்றவர்களின் கணக்குகள் பெயரோடும் படத்தோடும் பக்கவாட்டில் வரிசையாக வரும். ஒன்றைச் சொடுக்கினால் அந்தக் கணக்குக்குள் நுழைந்துவிடலாம். தளங்கள் நுழைவுப் பக்கத்தை மட்டும் குறியாக்கிவிட்டு, அதன் பிறகு பயனரை அடையாளம் காட்டும் குக்கியை வெட்டவெளியில் அனுப்பிக்கொண்டிருந்ததே அதற்குக் காரணம். திறந்த வைஃபையால் உண்மையில் ஆபத்துக்கு உள்ளானவர்கள் யார் என்பதை அந்த வாரம் உலகத்துக்குக் காட்டியது.

அதன் பிறகு பெரும்பாலான தளங்கள் முழுநேரக் குறியாக்கத்துக்கு மாறிவிட்டதால், அதே தாக்குதல் இன்று அப்படியே பலிக்காது. எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது மட்டும் பல நேரங்களில் பக்கத்து மேசைக்காரருக்கு இன்றும் தெரியக்கூடும். கடவுச்சொல் இதைத் தடுக்குமா என்றால், எந்த வகைக் கடவுச்சொல் என்று கேட்க வேண்டியிருக்கிறது. கடைகளில் மிகப் பரவலாக இருக்கும் டபிள்யூபிஏ2 என்ற வைஃபைக் குறியாக்க முறையில் எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல். அதை அறிந்த ஒருவர், இன்னொருவரின் கைப்பேசி இணையும் நொடியில் நிகழும் நான்கு செய்திப் பரிமாற்றத்தைப் பதிவு செய்துகொண்டால், அந்த இன்னொருவரின் வைஃபைப் போக்குவரத்தைப் பிரித்துப் பார்க்க முடியும். கல்லாவுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கும் கடவுச்சொல் வெளியாளைத் தடுக்கிறது. உள்ளே அமர்ந்திருப்பவரிடமிருந்து உள்ளே அமர்ந்திருப்பவரைக் காப்பாற்றுவதில்லை. எல்லா அறைகளுக்கும் ஒரே சாவியைக் கொடுக்கும் விடுதியைப் போன்றது அது. மேலும், வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும் ஊரறிந்தவை என்றால், அதே பெயரில் ஒரு போலி வைஃபையை நிறுவி வாடிக்கையாளரின் கைப்பேசியைத் தன்னிடம் இணையச் செய்வதும் எளிது.

இந்தக் குறையைப் போக்கும் எளிய வழிகள் தீர்ப்புக்குப் பின்னரே கடைகளுக்குக் கிடைத்தன. 2018 ஜூனில் அறிவிக்கப்பட்ட டபிள்யூபிஏ3 முறையில், கடவுச்சொல் ஒன்றாகவே இருந்தாலும் ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனிச் சாவி உருவாகிறது. கடவுச்சொல்லை அறிந்தவர் கேட்டுப் பதிந்த போக்குவரத்தைப் பின்னர் பிரிக்க முடியாது. அதே மாதத்தில் வைஃபை கூட்டமைப்பு ‘என்ஹான்ஸ்டு ஓப்பன்’ என்ற ஏற்பாட்டையும் அறிவித்தது. இதில் கடவுச்சொல்லே இல்லை. கைப்பேசியும் வைஃபையும் இணையும்போது தங்களுக்குள் ஒரு சாவியை ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. ஒவ்வொருவரின் போக்குவரத்தும் தனித்தனியே குறியாக்கப்படுகிறது. போலி வைஃபையை இது தடுக்காது, ஆனால் அருகில் அமர்ந்து ஒட்டுக்கேட்பதைத் தடுக்கிறது. 2016 தீர்ப்பு திறந்த வைஃபையைப் பாதுகாப்பற்றது என்றும் கடவுச்சொல் உள்ளதைப் பாதுகாப்பானது என்றும் ஒரே கோட்டில் வைத்துப் பார்த்தது. இன்றைய தொழில்நுட்பத்தில், கடவுச்சொல் இல்லாத என்ஹான்ஸ்டு ஓப்பன் இணைப்பு, சுவரில் எழுதிய டபிள்யூபிஏ2 கடவுச்சொல்லைவிட வாடிக்கையாளரை நன்றாகப் பாதுகாக்கிறது. இதை அழுத்திச் சொல்வது அவசியம் என்று நினைக்கிறேன். கடவுச்சொல் வைத்துவிட்டோம் என்ற நிறைவோடு நின்றுவிடும் கடைகள் மிகப் பல.

கடையின் சொந்தப் பக்கம்

வழக்கில் இடம்பெறாத இன்னொரு தரப்பு கடையேதான். மெக்ஃபேடன் தன் தொழில் இணைப்பையே பொதுமக்களோடு பகிர்ந்துகொண்டார். அப்படிப் பகிரும்போது, விருந்தினரின் கைப்பேசியும் பில் போடும் கணினியும் கண்காணிப்புக் கேமராவின் பதிவுப் பெட்டியும் ஒரே வலையமைப்பில் அருகருகே அமர்ந்துவிடக்கூடும். வாடிக்கையாளர் நல்லவராகவே இருக்கலாம். அவருடைய கைப்பேசியில் அவருக்கே தெரியாமல் இருக்கும் தீநிரல், உள்ளே நுழைந்தவுடன் அக்கம்பக்கத்துக் கருவிகளைத் தேடத் தொடங்குவதே ஆபத்து. கடையின் வைஃபை வழியாக உள்ளே வந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குப் பெரிய அளவிலான எடுத்துக்காட்டு அமெரிக்காவின் டிஜேஎக்ஸ் நிறுவனம். அது விருந்தினர் வைஃபை அன்று, கிளைக் கடைகளின் சொந்த வைஃபை. டபிள்யூஇபி என்ற பலவீனமான பழைய குறியாக்கத்தை உடைத்து 2005-இல் நுழைந்தவர்கள், மையக் கணினிகள் வரை சென்று 4.5 கோடிக்கும் மேற்பட்ட பண அட்டைகளின் எண்களை எடுத்துச் சென்றார்கள். 2007-இல்தான் அது வெளியுலகுக்குத் தெரிந்தது. வைஃபை உடைந்தது தொடக்கம். வைஃபைக்கும் பணம் கையாளும் கணினிகளுக்கும் இடையில் தடுப்பு போதாமல் இருந்ததே சேதத்தை அந்த அளவுக்குக் கொண்டுபோனது.

ஆகவே சிறு கடைக்கான விருந்தினர் இணைப்பில் முதலாவதாகச் செய்ய வேண்டியது பிரித்தல்தான். ரூட்டரில் ‘கெஸ்ட் நெட்வொர்க்’ என்ற பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் தனி வைஃபைப் பெயர் வரும். தனிப் பெயர் வந்துவிட்டதால் தனி வலையமைப்பு வந்துவிட்டது என்று கொள்ளக் கூடாது. விருந்தினர் கருவிகளுக்கு வேறு ஐபி வரம்பு கிடைக்க வேண்டும். அங்கிருந்து கடையின் வரம்புக்குச் செல்லும் எதையும் ரூட்டர் மறுக்க வேண்டும். விருந்தினர் ஒருவரின் கருவி இன்னொரு விருந்தினரின் கருவியோடு பேச முடியாதபடி ‘கிளையண்ட் ஐசொலேஷன்’ இயங்க வேண்டும். ரூட்டரின் நிர்வாகப் பக்கம் விருந்தினர் பக்கத்திலிருந்து திறக்கவே கூடாது. கடையில் ஒன்றுக்கு மேற்பட்ட வைஃபைக் கருவிகள் இருந்தால், இந்தப் பிரிவினை, ஒரே கம்பியில் வலையமைப்புகளைத் தனித்தனியாக வைக்கும் விலான் எண் வழியாக, கருவிகளைக் கம்பியால் இணைக்கும் ஸ்விட்ச் வரை தொடர வேண்டும். இடையில் ஒரு மலிவான ஸ்விட்ச் விலானை அறியாததாக இருந்தால், மேலே செய்த ஏற்பாடு கீழே கலந்துவிடும். இணைய நிறுவனம் கொடுத்த ஒற்றைப் பெட்டியை மட்டும் நம்பியிருக்கும் இடங்களில் இந்த வசதிகள் பாதியளவே இருப்பதுண்டு. விருந்தினருக்கென ஒரு தனி ரூட்டரும், முடிந்தால் ஒரு தனி இணைப்புமே வாங்கிவிடுவது அங்கே செலவு குறைந்த தீர்வாகும்.

சரியாகப் பிரிந்திருக்கிறதா என்று பார்க்க நிபுணர் வேண்டியதில்லை. ஒரு கைப்பேசியை விருந்தினர் வைஃபையில் இணைத்து, கடையின் அச்சுப்பொறிக்கு ஒரு பக்கம் அனுப்பிப் பாருங்கள். கேமராவின் உள் முகவரியை உலாவியில் தட்டிப் பாருங்கள். ரூட்டரின் முகவரியையும் தட்டிப் பாருங்கள். இரண்டாவது கைப்பேசியையும் அதே வைஃபையில் இணைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் படத்தை அனுப்பும் உள்வலைச் செயலி ஏதேனும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். இவற்றில் எது திறந்தாலும் பிரிவினை முழுமையாகவில்லை. ரூட்டரின் மென்பொருளைப் புதுப்பித்த பிறகும், இணைய நிறுவனத்தின் ஊழியர் வந்து பெட்டியை மாற்றிய பிறகும் இதை மறுபடி செய்ய வேண்டும். பெட்டி மாறும்போது அமைப்புகள் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடுவது வழக்கம்.

விருந்தினர் ஒருவரின் தவறான பயன்பாடு வெளியே உள்ளவரைத் தாக்காமல் குறைக்கவும் ரூட்டரிலேயே சிலவற்றைச் செய்யலாம்: ஒவ்வொரு கருவிக்கும் வேக வரம்பு, தீநிரல் தளங்களை மறுக்கும் டிஎன்எஸ் சேவை (தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தருவது), நேரடி மின்னஞ்சல் வழங்கிக்குரிய 25-ஆம் எண் வாசலை அடைத்தல், கடை மூடிய பிறகு விருந்தினர் வைஃபை தானாக நின்றுவிடும் ஏற்பாடு. தகவலின் உள்ளே எட்டிப் பார்க்காமல் செய்யக்கூடியவை இவை. ஐரோப்பிய நீதிமன்றம் விலக்கிய பொதுக் கண்காணிப்புக்கும் இவற்றுக்கும் உள்ள வேறுபாட்டைக் கடைக்காரர் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

அடையாளம் கேட்பதன் விலை

தீர்ப்பின் இரண்டாம் பாதியான அடையாளம் வெளிப்படுத்தும் நிபந்தனை, இந்தியாவில் தொழில் செய்பவர்களுக்குப் புதிதாகத் தோன்றாது. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன் செய்தி நிறுவனங்களுக்கு வந்த மின்னஞ்சல், நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் பாதுகாப்பற்ற வைஃபை வழியாக அனுப்பப்பட்டது தெரியவந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தில்லிக் குண்டுவெடிப்பின்போது வந்த மின்னஞ்சல், மும்பை செம்பூரில் ஒரு சிறு நிறுவனத்தின் வைஃபை வழியாக வந்திருந்தது. இணைப்பின் உரிமையாளர்களுக்குச் சதியோடு தொடர்பில்லை. ஆனாலும் விசாரணை முதலில் வந்து நின்றது அவர்களின் வாசலில். 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை இணைய நிறுவனங்களுக்கு அறிவுறுத்தல் வெளியிட்டு, பொது இடங்களில் வைஃபை பயன்படுத்துபவர் புகைப்பட அடையாள ஆவணம் தர வேண்டும் அல்லது கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியில் வரும் கடவுச்சொல்லால் நுழைய வேண்டும் என்றும், அந்தப் பதிவுகள் ஓராண்டு பாதுகாக்கப்பட வேண்டும் என்றும் கூறியது. ஜெர்மனியில் ஒரு பாட்டுக்காக எழுந்த கேள்வி இங்கே உயிரிழப்பின் பின்னணியில் எழுந்ததால், விடையும் வேகமாக, கடுமையாக வந்தது.

சட்டப்படி இன்னொரு கவனமும் தேவை. பொதுமக்களுக்குத் தொழில்முறையில் இணைய அணுகல் தரும் எந்த வசதியையும் ‘சைபர் கஃபே’ என்று தகவல் தொழில்நுட்பச் சட்டம் வரையறுக்கிறது. 2011-இல் வந்த சைபர் கஃபே விதிகள் பதிவு, அடையாளச் சான்று, ஓராண்டுப் பதிவேடு ஆகியவற்றைக் கோருகின்றன. தேநீர்க் கடையின் இலவச வைஃபை இந்த வரையறைக்குள் வருமா என்று வாதிட்டுக்கொண்டிருப்பதைவிட, 2020 டிசம்பர் 9 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிஎம்-வாணி ஏற்பாட்டின் கீழ் வருவது சிறு கடைக்கு நேரான வழி. அதில் கடை ‘பொதுத் தரவு அலுவலகம்’ ஆகிறது. அதற்கு உரிமம் வேண்டாம், பதிவுக் கட்டணமும் இல்லை. பயனரைப் பதிவு செய்து சரிபார்ப்பதைச் செயலி வழங்கும் நிறுவனமும், அவரை இணைப்புக்குள் அனுமதிப்பதையும் கணக்கு வைப்பதையும் பல கடைகளைத் தொகுத்து நடத்தும் ஒருங்கிணைப்பு நிறுவனமும் ஏற்கின்றன.

பிஎம்-வாணி வழியின் பெரிய நன்மை, வாடிக்கையாளரின் அடையாளம் கடைக்காரரின் கையில் தங்காமல் போவதே என்று நான் கருதுகிறேன். தங்கும் விடுதிகளிலும் சிறு உணவகங்களிலும் வைஃபைக்காக ஆதார் நகல் வாங்கி மேசை இழுப்பறையில் அடுக்கி வைப்பது நிகழ்கிறது. பெயரும் கைப்பேசி எண்ணும் எழுதிய குறிப்பேடு, அடுத்து வருபவர் படிக்கும்படி கல்லாமேல் விரிந்து கிடக்கிறது. பெண் ஒருவரின் எண் அந்தக் குறிப்பேட்டிலிருந்து யாரிடம் போகும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். வெளியே உள்ளவரைக் காப்பதற்காகக் கேட்கப்பட்ட அடையாளம், உள்ளே அமர்ந்திருப்பவருக்குப் புதிய ஆபத்தாக மாறுவது இப்படித்தான். 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், எந்த நோக்கத்துக்காகத் தகவல் பெறப்பட்டதோ அந்த நோக்கத்துக்கே அதைப் பயன்படுத்த வேண்டும் என்பதை அடிப்படையாக வைத்திருக்கிறது. வைஃபைக்காகப் பெற்ற எண்ணுக்குத் தீபாவளித் தள்ளுபடிச் செய்தி அனுப்பலாம் என்று நினைக்கும் கடைகள், தனியாக ஒப்புதல் கேட்கும் பழக்கத்துக்கு இப்போதே வந்துவிட வேண்டும்.

கடைக்காரரே பதிவு வைத்துக்கொள்ளும் இடங்களில், எதை வைப்பது என்பதில் தெளிவு வேண்டும். கருவியின் வைஃபைப் பகுதிக்கு உரிய அடையாள எண்ணான மேக் முகவரியை மட்டும் நம்பிய காலம் போய்விட்டது. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதலும் 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 முதலும் கைப்பேசிகள் வைஃபைக்கு வைஃபை வேறு முகவரியைக் காட்டுகின்றன. ஆகவே ஓடிபியால் சரிபார்த்த எண், அந்த எண்ணுக்கு அந்த நேரத்தில் கொடுக்கப்பட்ட உள் ஐபி முகவரி, இணைந்த நேரம், விலகிய நேரம் ஆகிய நான்கும் ஒரே வரியில் இருந்தால்தான் விசாரணைக்கு அது பயன்படும். ரூட்டரின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பதும் இதில் அடங்கும். பத்து நிமிடம் பின்தங்கிய கடிகாரம் வேறொருவரைச் சுட்டிக்காட்டிவிடும். வாடிக்கையாளர் எந்தத் தளங்களைப் பார்த்தார் என்ற பட்டியலைக் கடை சேகரிக்கத் தேவையில்லை, சேகரிக்கவும் கூடாது. நுழைவுப் பக்கத்தில் கேட்பது கைப்பேசி எண்ணாக மட்டும் இருக்கட்டும். பிறந்த தேதி, மின்னஞ்சல், முகவரி எதுவும் வேண்டாம். அந்தப் பக்கம் குறியாக்கப்பட்டதாக, செல்லுபடியாகும் சான்றிதழோடு இருக்க வேண்டும். உலாவி தரும் எச்சரிக்கையை மீறி உள்ளே வாருங்கள் என்று வாடிக்கையாளரிடம் சொல்லும் கடை, அதே எச்சரிக்கையை வங்கித் தளத்திலும் மீறும்படி அவரைப் பழக்கிவிடுகிறது.

காவல் துறையிலிருந்து கேட்டு வந்தால் யார் பேசுவது, எழுத்து மூலமான கோரிக்கை இல்லாமல் எதையும் கொடுப்பதில்லை என்பது கடையில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். கோரிக்கையில் உள்ள தேதிக்கும் நேரத்துக்கும் உரிய வரிகளை மட்டும் எடுத்துக் கொடுத்து, கொடுத்ததற்கான ஒப்புகையைப் பெற்றுக் கோப்பில் வைக்க வேண்டும். ஓராண்டு கடந்த பதிவுகளை மாதந்தோறும் நீக்கும்படி ரூட்டரிலோ சேமிப்பிலோ தானியங்கியாக அமைத்துவிட்டால், அந்த வேலை ஊழியரின் நினைவை நம்பி இருக்காது.